மக்காவ்ல எங்க சாப்பிடலாம்? ஒரு ராத்திரி தங்கறோம், சொல்லுங்க மக்களே

கோவை_சோத்துராமன்:
வணக்கமுங்க. அடுத்த மாசம் ஆபீஸ் வேலையா ஹாங்காங் போறேன், வேலை முடியற வாரக்கடைசில வீட்டம்மாவும் வந்துருவாங்க, அப்படியே மக்காவ் ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு ப்ளான். சூதாட்டத்துக்கெல்லாம் இல்லீங்க, சாப்பாட்டுக்குத்தான். போர்ச்சுகீஸ்காரன் நானூறு வருசத்துக்கு மேல குடியிருந்த ஊரு, அக்கம்பக்கம் பூரா கான்டனீஸ், ரெண்டும் கலந்து என்னமோ ஒண்ணு பண்ணிருப்பாங்கல்ல, அத சாப்பிடணும். யூடியூப்ல பாத்தா அத்தனை பேரும் எக் டார்ட்ட கையில வெச்சுட்டு கண்ண மூடிக்கறானுங்க, அதத் தாண்டி ஒரு விசயம் சொல்ல மாட்டேங்கறானுங்க. நான் எல்லாமே சாப்பிடுவேன், அவங்க முட்டை வரைக்கும்தான், கறி மீன் ஆகாது. வெனிஷியன் ஹோட்டல்ல ரூம் போடலாம்னு இருக்கேன், உள்ளயே ஃபுட் கோர்ட் இருக்குதாம், அது போதுமா இல்ல வெளிய அலையணுமா?

யாழ்_ஹொங்கொங்:
நான் ஹொங்கொங்கில வேலை செய்யிறன், விருந்தாளியள் ஆர் வந்தாலும் மக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போறது என்ர தலையிலதான் விழும், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. வெனிஷியனில தங்குறது உங்கட விருப்பம், ஆனா சாப்பாட்டை அதுக்குள்ளயே முடிச்சுப்போட்டு வராதேங்கோ. அது இருக்கிற கொட்டாய் எண்டுற இடமே தைப்பா, கொலோவான் எண்ட ரெண்டு தீவுக்கும் நடுவில கடலை நிரப்பி எடுத்த நிலம், அங்க பழைய கடை எண்டு ஒண்டு இருக்க வழியே இல்லை. நீங்கள் தேடுற சாப்பாடு பார்ராவில, செனாடோ சதுக்கத்துக்குப் பின்னால இருக்கிற ஒழுங்கையளில, தைப்பா கிராமத்தில, கொலோவானில இருக்கு.

அடுத்தது, அங்க ரெண்டு சமையல் இல்லை, மூண்டு. லிஸ்பனில சாப்பிடுற மாதிரி அசல் போர்ச்சுகீஸ் ஒண்டு, சுத்தமான கான்டனீஸ் ஒண்டு, மூண்டாவது மக்கனீஸ், அதுதான் நீங்கள் கேட்ட கலப்புச் சமையல். கனபேர் முதல் ரெண்டையும் சாப்பிட்டுப்போட்டு மூண்டாவதைச் சாப்பிட்டம் எண்டு நினைச்சுக்கொண்டு வீட்டை போறவை. 1557இல வந்து குடியேறின போர்ச்சுகீஸ் ஆக்கள் நேரா லிஸ்பனில இருந்து வந்து இறங்கேல்ல, கோவா, மலாக்கா எண்டு போற வழியெல்லாம் தங்கி, கலியாணமும் கட்டிக்கொண்டு வந்தவை. அதாலதான் அந்த வீட்டுச் சட்டிக்குள்ள மஞ்சள், தேங்காய்ப்பால், புளி, சோயா சோஸ், ஒலிவ் எண்ணெய் எல்லாம் ஒண்டாக் கிடக்கும்.

மின்ச்சி எண்டு கேட்டு வாங்குங்கோ. கொத்தின பன்றி, இல்லாட்டி மாடு, சில இடத்தில ரெண்டும், சோயா சோஸ் விட்டு வதக்கி, சின்னச் சதுரமா வெட்டிப் பொரிச்ச உருளைக்கிழங்கைக் கலந்து சோத்துக்கு மேல போட்டு அதுக்கும் மேல ஒரு முட்டைப் பொரியல் வைப்பினம். பாக்க ஒரு வடிவும் இராது, மண் நிறத்தில கிடக்கும். மஞ்சள் கருவை உடைச்சு சோத்தோட குழைச்சுச் சாப்பிட்டாத்தான் தெரியும், அந்த ஊர்ப் பிள்ளையள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிடுற சாப்பாடு அது.

பினாங்கு_பெலாச்சான்:
அண்ணே சொன்னது சரி. ஆனா மின்ச்சி வெறும் ஆரம்பம்தான். பாலிசாவ்னு ஒரு இறால் விழுது போட்டு, புளி கரைச்சு ஊத்தி பன்னிக்கறி சமைப்பாங்க, எனக்கு அதுதான் மக்காவ். எங்க ஊரு பெலாச்சானுக்கு ஒண்ணு விட்ட சொந்தம் மாதிரி, கொஞ்சம் புளிப்பும் மசாலாவும் கூட. முதல் வாய் வைக்கும்போது எங்க பாட்டி சமையல்ல யாரோ சோயா சாஸ் ஊத்திட்டாங்கன்னு தோணுச்சு. எல்லா கடையிலயும் கிடைக்காது. பார்ராவுல ருவா டோ அல்மிரான்டே செர்ஜியோ தெருவுல இருக்கற லிட்டோரல் போய் கேட்டுப் பாருங்க, மக்கனீஸ் வீட்டுச் சாப்பாடுன்னா அங்கதான் நான் ஆள அனுப்புவேன். தாஷோவும் கேளுங்க, அது குளிர் கால ஐட்டம், போர்ச்சுகீஸ்காரங்களோட கறி முட்டைக்கோஸ் வேவிச்சதுல சீன லாப்சோங் சாசேஜ போட்டு கொதிக்க விட்டது.

லிஸ்பன்_ரிட்டர்ன்:
எக் டார்ட் பத்தி நானும் ரெண்டு வார்த்தை. லிஸ்பன்ல ரெண்டு வருஷம் குப்பை கொட்டுனவன் நான், அங்க சாப்பிட்ட பாஸ்டல் டி நாட்டாவ மனசுல வெச்சுட்டு மக்காவ் போனா ஏமாந்துருவீங்க. மக்காவ் டார்ட்ட கொண்டு வந்தது போர்ச்சுகீஸ்காரனே இல்ல, ஆண்ட்ரூ ஸ்டோன்னு ஒரு இங்கிலீஷ்காரர், 1989ல கொலோவான்ல லார்ட் ஸ்டோஸ் பேக்கரி ஆரம்பிச்சவரு. லிஸ்பன் மாதிரி பாகு காய்ச்சி ஊத்தாம அவங்க ஊரு கஸ்டர்ட் பாணில பண்ணிட்டாரு, அதனால இனிப்பு கம்மி, உள்ள ஆடை மாதிரி வழவழன்னு இருக்கும். அப்புறம் அவரும் மனைவியும் பிரிஞ்சதும் அந்தம்மா நகரத்துக்குள்ள மார்கரெட்ஸ் கஃபே ஈ நாட்டான்னு தனியா நடத்துனாங்க, அந்தம்மா ரெசிப்பிய கே.எஃப்.சி.க்கு வித்ததுலதான் சீனா, தைவான்னு அந்தப் பக்கத்து கே.எஃப்.சி.ல இந்த டார்ட் கிடைக்குது. என்னக் கேட்டா லிஸ்பன்தான் டாப், இது ஓகே ரகம்.

சாப்பிடவே_பொறந்தவன்:
யோவ் லிஸ்பன், ஊர விட்டு ஊரு போயி பழைய ஊரு பெருமை பேசுறதுக்கு எதுக்குய்யா டிக்கெட் போடணும். கொலோவான்ல அந்த சின்னக் கடை வாசல்ல நின்னு, ட்ரே வெளிய வர்ற நேரம் பாத்து வாங்கி, கடலோரம் நின்னு தின்னு பாரு. மேல அங்கங்க கருகி கருகி இருக்கும், ஓரத்தக் கடிச்சா முறுக்கு மாதிரி நொறுங்கி சட்டை பூரா கொட்டும், நடுவுல கஸ்டர்ட் இன்னும் செட்டே ஆகியிருக்காது, லேசா ஆடும், நாக்க சுட்டுக்கும் ஆனா துப்ப மனசு வராது. சோத்துராமன் அண்ணே, வெனிஷியனுக்குள்ளயும் அவங்க கடை இருக்கு, ஆனா நம்ம பேச்சு ஒரிஜினல் கடை பத்தி. ஆறுனத வாங்காதீங்க, அம்புட்டுதான் ரகசியம்.

அப்படியே கொலோவான் போறீங்கல்ல, அங்கருந்து ஹாக் சா பீச்சுக்கு பஸ் ஏறிருங்க, ஃபெர்னாண்டோஸ். 1986லருந்து இருக்கு. கட்டம் போட்ட டேபிள் கிளாத்து, மேல ஃபேன், ஏசி கீசி எதிர்பாக்காதீங்க. மட்டி சொல்லுங்க, ஒலிவ் எண்ணெய், பூண்டு, கொத்தமல்லி போட்டு வரும், கறிய விட அந்த அடியில நிக்கிற சாறுதான் விஷயம், சுடச்சுட பன்ன பிச்சு முக்கி முக்கி தின்னா தட்டு கழுவ வேண்டிய வேலையே இருக்காது. அப்புறம் தோல் மொறுமொறுன்னு சுட்ட பால்குட்டிப் பன்னி. பொறுமையா உக்காந்து ஒரு ஜக் சாங்ரியா. சொர்க்கம்ணே.

யாழ்_ஹொங்கொங்:
ஃபெர்னாண்டோஸ் நல்ல கடைதான், நானும் போறனான், ஆனா அவர் கேட்டது கலப்புச் சாப்பாடு. அது போர்ச்சுகீஸ் சாப்பாடு, கலப்பு எண்டு பெருசா ஒண்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனா கியூவில நிண்டே அரைநாள் போயிடும், அவையிட்ட இருக்கிறதே ஒரு ராத்திரி. பார்ராவில ஆ மா கோயிலைப் பாத்துப்போட்டு நடக்கிற தூரத்தில ஆ லோர்ஷா இருக்கு, அங்க போனா அதே மட்டியும் கிடைக்கும், ஆபிரிக்கன் சிக்கனும் கிடைக்கும், சங்கதி முடிஞ்சுது.

சாப்பிடவே_பொறந்தவன்:
பீச்சு கிடைக்காதுல்ல 😏

கோவை_சோத்துராமன்:
ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்கப்பா, எனக்கு ஒரே வயிறு. அந்த ஆப்பிரிக்கன் சிக்கன்னா என்னங்க அது, ஆப்பிரிக்காக்கும் மக்காவுக்கும் என்ன சம்பந்தம்?

பினாங்கு_பெலாச்சான்:
மொசாம்பிக், அங்கோலா எல்லாம் போர்ச்சுகீஸ்காரன் கையில இருந்த நாடுதானே அண்ணே, அங்கருந்து வந்த பிரிபிரி மிளகாய்தான் அடிப்படை. 1940கள்ல ஒரு விடுதி சமையல்காரர் மக்காவ்லயே உருவாக்கினார்னு சொல்வாங்க, ஆப்பிரிக்காவுல போய் இந்தப் பேர சொல்லிக் கேட்டா முழிப்பாங்க. கடைக்கு கடை வேற வேற மாதிரி வரும், அதான் அதுல வேடிக்கை. ஒரு கடையில மசாலா தடவி கரியில சுட்டு காஞ்ச மாதிரி வரும், இன்னொரு கடையில வேர்க்கடலையும் தேங்காயும் அரைச்ச கெட்டிக் குழம்புல கோழி முங்கிக் கிடக்கும். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், எங்க ஊரு சாத்தேக்கு, அதான் குச்சியில குத்திச் சுட்ட கறிக்கு, தொட்டுக்கற கடலைக் குழம்பு ஞாபகம் வரும். ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி எந்த மாதிரின்னு கேட்டுக்கங்க.

இன்னொண்ணு இருக்கு, போர்ச்சுகீஸ் சிக்கன்னே பேரு, ஆனா போர்ச்சுகல்ல கிடையாது. மஞ்சளும் தேங்காய்ப்பாலும் ஊத்தி, உருளைக்கிழங்கு, ஒலிவ் காய், சோரிசோ சாசேஜ் போட்டு அவன்ல மேல சிவக்கற வரைக்கும் வச்சு எடுப்பாங்க. காரம் சுத்தமா இருக்காது, நம்ம நாக்குக்கு குழந்தைச் சாப்பாடு. ஹாங்காங் டீக்கடைலயும் சோத்து மேல ஊத்தித் தருவாங்க, அத சாப்பிட்டுட்டு இத எடை போடாதீங்க.

அரைசைவம்_அக்கா:
தம்பி, எல்லாரும் பன்னி மட்டின்னு பேசிட்டு இருக்காங்க, உங்க வீட்டம்மாவப் பத்தி யாரும் வாயத் தொறக்கல, நான் சொல்றேன். கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். கான்டனீஸ் கடையில வெறும் கீரைன்னு சொன்னாலும் மேல ஆய்ஸ்டர் சாஸ் ஊத்திக் கொண்டு வந்து வெச்சுருவாங்க, அது சிப்பி. சாஸ் வேணாம், பூண்டு மட்டும்னு சொல்லணும். சூப்புன்னா கறி வேகவெச்ச தண்ணிதான். பழைய பேக்கரிகள்ல பன்னிக் கொழுப்பு போடற வழக்கம் உண்டு, செயின்ட் பால்ஸ் சர்ச் இடிபாடு பாக்கப் போற வழியில கை நெறைய சாம்பிள் நீட்டுவாங்களே அந்த பாதாம் பிஸ்கட்டக் கூட கேட்டுட்டு வாங்கச் சொல்லுங்க. பக்கத்துலயே இறைச்சித் தகடக் கத்திரிக்கோலால நறுக்கி நீட்டுவாங்க, அவசரத்துல வாயில போட்டுறப் போறாங்க.

போர்ச்சுகீஸ் கடையில கால்டோ வெர்டேன்னு கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பு இருக்கும், நல்லா இருக்கும், ஆனா மேல ஒரு துண்டு சாசேஜ் மிதக்கும், சில கடையில உள்ள ஊத்தற தண்ணியும் கறித் தண்ணிதான், முதல்லயே கேக்கணும். பக்காலியாவ் உருண்டைய உருளைக்கிழங்கு போண்டான்னு நெனச்சு கைய வெச்சுடாதீங்க, உப்புக் கண்டம் போட்ட மீனு. பன்னு, வெண்ணெய், சீஸ், ஒலிவ், தக்காளி சாலட், ஆம்லெட்டுன்னு ஒரு வேளை ஓட்டிடலாம்.

முழு சாப்பாடு வேணும்னா தைப்பாவுல பூ தாய் கோயில் இருக்கு, அங்க சைவ சாப்பாட்டுக் கடை உண்டு, பௌத்த சைவம், பூண்டு வெங்காயம் கூட சேக்க மாட்டாங்க. போன்ல சீன எழுத்துல "சைவம், கறி மீன் சிப்பி சாஸ் வேணாம், முட்டை பரவால்ல"ன்னு எழுதி வெச்சுக்கங்க, வாயால சொல்றத விட நூறு மடங்கு மேல். நாக்கு செத்துப் போச்சுன்னா வெனிஷியன்லயே தி கோல்டன் பீகாக்குன்னு மிஷெலின் ஸ்டார் வாங்குன இந்தியன் ரெஸ்டாரண்ட் இருக்கு, விலை கொஞ்சம் கண்ணுல தண்ணி வர வைக்கும்.

இனிப்புல அவங்களுக்கு ஜாலிதான். செனாடோ கிட்ட லெய்ட்டாரியா ஈ சோன் கடையில ஆவியில வேகவெச்ச பால் புட்டிங், இஞ்சி போட்டதும் இருக்கு. செர்ராதுராவும் சாப்பிடலாம், க்ரீமும் கண்டன்ஸ்டு மில்க்கும் அடிச்சு அடுக்கு அடுக்கா மேரி பிஸ்கட்டப் பொடிச்சு தூவுனது, அவ்ளோதான் சங்கதி. ஜெலட்டின் போட்டிருக்கான்னு மட்டும் கேட்டுக்கங்க, சில கடையில போடறாங்க.

கோவை_சோத்துராமன்:
அக்கா, கோடி நன்றி. இத அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிட்டேன், "அந்த அக்காவும் கூட வருவாங்களா"ன்னு கேக்கறாங்க.

பீச்_ஸ்டேஷன்_அத்தோ:
தல, யாருமே சொல்லாத ஒரு மேட்டர் இருக்கு. மக்காவ்ல சாம் ஜான் டாங்னு ஒரு ஏரியா, மூணு விளக்கு ரவுண்டானான்னு வெச்சுக்கோ, டூரிஸ்ட் அவ்வளவா வர மாட்டான். அங்க பூரா பர்மா கடைங்க. 1960கள்ல பர்மாவுல நிலைமை கெட்டப்போ நம்மாளுங்க கப்பல் ஏறி மெட்ராஸ் வந்தாங்கல்ல, அதே நேரத்துல அங்க இருந்த சீனக்காரங்க நெறய பேர் கெளம்பி இந்தப் பக்கம் மக்காவ் வந்து எறங்கிட்டாங்க. நம்மாளு பீச் ஸ்டேஷன் எதுக்க அத்தோ, மொய்ங்கான்னு பர்மா நூடுல்ஸ் கடை போட்டான், அந்த சீனக்காரன் மக்காவ்ல மீன் குழம்பு நூடுல்ஸும் தேங்காப்பால் சிக்கன் நூடுல்ஸும் போட்டான். நான் போய் தேங்காப்பால் நூடுல்ஸ் சொன்னேன், மேல வறுத்த வெங்காயம், பக்கத்துல மிளகாப்பொடி, ஒரு துண்டு எலுமிச்சை, வந்து வெச்ச ஸ்டைலே நம்ம செகண்ட் லைன் பீச் தள்ளுவண்டி மாதிரி இருந்துச்சு, ஆனா ருசி வேற, நம்மாளு மாதிரி பூண்டையும் புளித்தண்ணியையும் அள்ளி ஊத்த மாட்டான், சாந்தமா இருக்கும். போர்ச்சுகீஸும் இல்ல கான்டனீஸும் இல்லதான், டாபிக்க விட்டு வெளிய போறேன்னு திட்டாதீங்க, ஆனா தமிழன் மக்காவ் போயிட்டு இத சாப்பிடாம வரக்கூடாது.

யாழ்_ஹொங்கொங்:
வடிவாச் சொன்னீங்கள். நான் அந்தப் பக்கம் போனது வேற அலுவலா, சாப்பிட இல்லை. அடுத்த முறை கட்டாயம்.

லிஸ்பன்_ரிட்டர்ன்:
சரி, நானும் உருப்படியா ஒண்ணு சொல்றேன். கொட்டாய்ல ஒரு பெரிய ஹோட்டலுக்குள்ள "போர்ச்சுகீஸ்" போர்டு போட்ட கடையில (பேர் வேணாம்) ஆரோஸ் டி பாட்டோ, அதாவது வாத்துக்கறி போட்டு அவன்ல வெச்ச சோறு, கேட்டேன். வந்தது நேத்து சோத்துல நாலு துண்டு வாத்தப் பிச்சுப் போட்டு சூடு பண்ண மாதிரி. பில்லுல பத்து பர்சன்ட் சர்வீஸ் சார்ஜ் தனி. அதே ஐட்டம் தைப்பா கிராமத்துல ருவா டோ குன்யா சந்துல ஓ சான்டோஸ்ல சாப்பிட்டேன், மேல சாசேஜ் துண்டுங்க சுருண்டு எண்ணெய் விட்டு அந்த எண்ணெயில மேல் சோறு முறுகிப் போய் இருந்துச்சு, பாத்திரத்தோட ஓரத்த சுரண்டித் தின்னேன். போர்ஷன் பெருசு, ரெண்டு பேருக்கு ஒண்ணு போதும். ஒயின் குடிப்பீங்கன்னா அங்க போர்ச்சுகீஸ் ஒயின் வாங்குங்க, மக்காவ்ல ஒயினுக்கு வரி கிடையாது, ஹாங்காங் ஓட்டல் ரேட்டோட பாத்தா சந்தோஷமா இருக்கும்.

சாப்பிடவே_பொறந்தவன்:
அப்படி வா வழிக்கு. அதே ருவா டோ குன்யால செங் சியோங்ல நண்டுக் கஞ்சி இருக்கு, உள்ள ஓட்டோட நண்டு, கஞ்சியே மஞ்சளா மாறிப் போயிருக்கும், நண்டு முட்டையோட நிறம். தைப்பாலயே தாய் லெய் லோய் கெய், 1968லருந்து, போர்க் சாப் பன். பன்னு, பொரிச்ச பன்னித் துண்டு, வேற ஒண்ணும் கிடையாது, இலை தழை சாஸ் எதுவும் இல்ல. எல்லாரும் ஆஹா ஓஹோங்கறாங்க, எனக்கு தொண்டைய அடைச்சுச்சு, கையில தண்ணி பாட்டில் வெச்சுக்கங்க.

பினாங்கு_பெலாச்சான்:
இல்லவே இல்ல, அந்த பன் சுடச்சுட இருக்கும்போது ஓரம் மொறுமொறுன்னும் உள்ள பஞ்சாவும் இருக்கும், நீங்க ஆறிப் போனதுதான் சாப்பிட்டிருப்பீங்க. டார்ட்டுக்கு ஒரு நியாயம் பன்னுக்கு ஒரு நியாயமா?

சாப்பிடவே_பொறந்தவன்:
...

கோவை_சோத்துராமன்:
😂 சரிங்க, இதுவரைக்கும் கேட்டத வெச்சு இப்படிப் போட்டிருக்கேன், தப்பிருந்தா சொல்லுங்க. சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேந்து பார்ராவுல மக்கனீஸ் சாப்பாடு, அவங்களுக்கு பன்னு ஆம்லெட்டு. சாயங்காலம் செனாடோ சுத்திட்டு பால் புட்டிங், ராத்திரி தைப்பா. ஞாயித்துக்கிழமை காலைல கொலோவான் டார்ட்டு, மத்தியானம் பூ தாய் கோயில்ல அவங்களுக்கு நிம்மதியா ஒரு சாப்பாடு, நானும் அதேதான். ரூம வெனிஷியன்ல இருந்து மாத்தணுமா? அப்புறம் ஹாங்காங்ல இருந்து எப்படி வர்றது, பணம் என்ன பணம்?

யாழ்_ஹொங்கொங்:
ரூமை மாத்தத் தேவையில்லை, தைப்பா கிராமம் வெனிஷியனில இருந்து நடக்கிற தூரம்தான், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வசதி. வாறதுக்கு ரெண்டு வழி. ஷியுங் வானில இருந்து ஃபெரி, ஒரு மணித்தியாலம் கிட்ட. இல்லாட்டி 2018இல திறந்த கடல் பாலத்தால பஸ், 24 மணித்தியாலமும் ஓடும், ஃபெரியை விட மலிவு. பார்ராவில இருந்து தைப்பாவுக்கு இப்ப ரயிலும் ஓடுது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மக்காவ் விசா இல்லாமலே 30 நாள் விடும், ஆனா திரும்ப ஹொங்கொங்குக்குள்ள வரேக்க ஹொங்கொங் குடிவரவில வர முதலே ஒன்லைனில பதிஞ்சு எடுத்த தாள் (PAR) கையில இருக்க வேணும், ரெண்டு பேருக்கும், அதை ஹோட்டல் பெட்டிக்குள்ள வைச்சுப்போட்டு வராதேங்கோ.

காசு படாக்கா, ஆனா ஹொங்கொங் டொலரை ஒண்டுக்கு ஒண்டா எல்லாக் கடையிலயும் வாங்குவினம். மிச்சச் சில்லறை படாக்காவாத் தந்தா அங்கயே செலவழிச்சு முடியுங்கோ, ஹொங்கொங்கில அதை ஒருத்தரும் தொடமாட்டினம். டவுன் பஸ் எங்க போனாலும் 6 படாக்கா, மிச்சம் தரமாட்டான், சில்லறையா வைச்சிருங்கோ. கொலோவானுக்கு 21ஏ, 26ஏ.

அரைசைவம்_அக்கா:
தம்பி, ஞாயித்துக்கிழமை டார்ட்டுக்கு முன்னாடி உங்களுக்கு மட்டும் ஒரு காலைச் சாப்பாடு வேணும்னா, அவங்க தூங்கட்டும், நீங்க ரெட் மார்க்கெட் பக்கம் போங்க. லுங் வா டீ ஹவுஸ் இருக்கு, 1962லருந்து, பச்சை ஜன்னல், மாடியில உக்காந்தா மார்க்கெட் தெரியும். வண்டியில இருக்கற டிம் சம்ம, அதான் ஆவியில வெச்ச சின்னச் சின்ன பலகாரத்த, நீங்களே எழுந்து போய் எடுத்துக்கணும், நல்ல புவெர் டீ போட்டுத் தருவாங்க. எங்க வீட்டுக்காரர் சாப்பிடுவாரு, நான் டீ மட்டும் குடிச்சுட்டு ஜன்னல் ஓரம் உக்காந்திருப்பேன்.

பீச்_ஸ்டேஷன்_அத்தோ:
ரெட் மார்க்கெட்ல இருந்து மூணு விளக்கு பொடி நடை தல. டிம் சம்ம கம்மியா எடு, வயித்துல நூடுல்ஸுக்கு இடம் வெய்யி.

கோவை_சோத்துராமன்:
வெச்சாச்சுங்க. டார்ட்ட மத்தியானத்துக்கு தள்ளியாச்சு, வீட்டம்மா பத்து மணிக்கு முன்னாடி எந்திரிக்கறதில்லைங்கறதால இதுல யாருக்கும் நட்டமில்ல.